தீவுக் கல்லூரியும் நிதித் துறையும்

நிதித் துறையில் புகவேண்டுமென்னும் ஆவல் இருந்தும், "நாம் படித்ததோ தீவுக் கல்லூரி; நம்மை யார் மதிப்பார்?" என்று மனங்குன்றும் மாணவர் நம்மிடையே பலர். பிள்ளையை மெயின்லாண்டில் பெருந்தொகை கட்டிச் சேர்ப்பதற்காக இருக்கும் மனையை விற்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் உண்டு. மனையை விற்குமுன் இதைச் சற்றுப் படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேரில், ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967ஆம் ஆண்டிலேயே தோன்றியது. வணிகவியலும் அங்குக் கற்பிக்கப்படுகின்றது. மும்பையின் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் அதன் வாயிலுக்கு வந்து ஆள் எடுப்பதில்லை என்பது மெய்யே. அந்நிறுவனங்கள் பெயர்பெற்ற சில கல்லூரிகளையே நாடுகின்றன. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் நிதித் துறைக்கு அந்த ஒரு வாயில்தானா உண்டு?

பட்டயக் கணக்காளர் தேர்வை எடுத்துக்கொள்வோம். வினாத்தாள் நாடெங்கும் ஒன்றே. திருத்துபவருக்கு மாணவர் எக்கல்லூரி என்பது தெரியாது. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் அடிப்படைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பிற பாடப் பட்டதாரிகளுக்கு 60 வேண்டும். ஆகவே மூன்றாண்டுகளிலும் மதிப்பெண்ணைக் காத்துக்கொள்வதே முதல் வேலை. இடைநிலையின் இரு பகுதிகளிலும் தேறியபின், தொழில் நடத்தும் கணக்காளர் ஒருவரிடம் பயிற்சி பெறவேண்டும். முன்பு 3 ஆண்டாயிருந்த இப்பயிற்சி, 2023இல் வந்த புதிய திட்டப்படி 2 ஆண்டாகக் குறைந்தது. பயிற்சிக் காலத்தில் சிறிது உதவித்தொகையும் உண்டு. சென்னையில் உறையுளுக்கு அது போதாது. உறவினர் வீடிருந்தால் இப்போதே ஒரு கடிதம் எழுதி வைப்பது நன்று.

இந்தியாவின் முதல் பெண் கணக்காளரான ஆர். சிவபோகம் நம் தமிழ்ப் பெண்மணியே. விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1933இல் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமாவில் தேறினார். சிறை சென்றோர் கணக்காளராகப் பதிவுபெறலாகாது என்னும் தடை குறுக்கிட்டது. (சிறையைப் பற்றி நம் ஊராருக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ!) அவர் வழக்காடி வென்று, 1937இல் தனியே தொழில் தொடங்கினார். அவர்முன் நின்ற தடையோடு ஒப்பிட்டால், கல்லூரியின் பெயர் எம்மாத்திரம்?

வங்கி அதிகாரி வேலைக்கும் பட்டம் இருந்தால் போதும். பொதுத்துறை வங்கிகளுக்காக நடைபெறும் பொதுத்தேர்வில் வயது 20 முதல் 30 வரை. முதன்மைத் தேர்வும் நேர்முகமும் 80க்கு 20 என்னும் அளவில் கணக்கிடப்படும்.

படிக்க வழியென்ன என்பீர்கள். சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இட்ட கம்பி 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியபின், ரங்கத்திலும் கமோர்ட்டாவிலுங்கூட வீட்டிலிருந்தே பாடங் கேட்க இயலுகின்றது. முன்பு இதற்கென்றே மூன்று நாள் கப்பலேற வேண்டியிருந்தது.

ஆயினும் பாடம் மட்டும் போதாது. அபர்டீன் கடைத்தெருவில் சரக்கு, சேவை வரியாகிய ஜி.எஸ்.டி.க்குக் கணக்கு எழுத ஆள் தேடாத வணிகர் அரிது. மாலையில் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து, பற்று வரவும் வரிப் படிவமும் டாலி கணக்கு முறையும் பழகிய மாணவன், புத்தகத்தை மட்டுமே பார்த்தவனைவிட எங்கும் விரைவாக வேலை பிடித்துக்கொள்வான் என்பது எம் கருத்து. பயிற்சி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு, எந்தக் கடையின் கணக்கை எத்தனை மாதம் எழுதினான் என்பதையும் குறிப்பிடட்டும். கடைக்காரர் கையொப்பமிட்ட ஒரு சான்றிதழையும் உடன் வைக்கலாம்.