பண்ணைக்குள் விடப்படும் கடலட்டைக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன?

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் பரவைக்கடலில் கம்பு நட்டு வலையடைத்த கடலட்டைப் பண்ணைகள் பெருகிவிட்டன. யாருக்கு அனுமதி, எந்த நாட்டு முதலீடு, யாருடைய தொழிலிடம் பறிபோகிறது என்ற கேள்விகள் தொடர்ந்து எழுப்பப்படுகின்றன. அவை நியாயமான கேள்விகள். ஆனால், அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்றும் உண்டு. பண்ணைக்குள் விடப்படும் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன?

அதற்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, தாய் அட்டைகளை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் பொரிப்பகம். மற்றையது, கடலில் இயற்கையாக வளரும் சிறிய அட்டைகளைப் பிடித்து விற்பது. பொரிப்பகக் குஞ்சுகள் போதாதபோது பண்ணைகள் இரண்டாவது வழியையே நாடுகின்றன.

இங்கு பண்ணைகளில் வளர்க்கப்படுவது வெள்ளை அட்டை. ஆண் அட்டை விந்தையும் பெண் அட்டை முட்டைகளையும் கடல்நீரில் வெளியிட, கருக்கட்டல் நீரிலேயே நடக்கிறது. ஆகவே முதிர்ந்த அட்டைகள் அருகருகே இருக்கவேண்டும். அவை ஐதாகிவிட்டால், இலட்சக்கணக்கில் முட்டைகள் வெளியேறினாலும் பயனில்லை. கருக்கட்டியவை ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மிதந்து, பின்னர் சாதாழை இலைகளில் ஒட்டி, வளர்ந்ததும் மணலுக்குள் இறங்குகின்றன. இப்பருவத்தைத் தாண்டிய குஞ்சுகளைத்தான் சுழியோடிகள் பொறுக்குகிறார்கள். ஒரு தடவைகூட இனம்பெருக்காத அட்டைகள் அவை.

அப்படிப் பிடித்த குஞ்சைப் பண்ணையில் விடுவதால் கடலில் ஓர் அட்டைகூட அதிகரிப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒருவரின் வேலிக்குள் போகிறது, அவ்வளவுதான். முதிர்ந்ததும் அறுவடையாகி, அவித்து உலர்த்தி ஏற்றுமதியாகிறது. கடலுக்குத் திரும்புவது எதுவுமில்லை.

பங்களாதேஷ் இதனை இறாலில் அனுபவித்தது. இறால் பண்ணைகளுக்காகக் கரையோர ஏழைகள் நுண்ணிய வலைகளால் இறால் குஞ்சுகளை வாரினார்கள். வலையில் சேர்ந்து வந்த ஏனைய மீன்குஞ்சுகள் கரையில் வீசப்பட்டு அழிந்தன. 2000ஆம் ஆண்டில் அரசு இதற்குத் தடை விதித்தது. ஆனால் வேறு தொழில் இல்லாதவர்கள் தடைக்குப் பின்னரும் வலையை விடவில்லை.

மாற்றுவழி தொலைவில் இல்லை. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தூத்துக்குடியில் 1988இலேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகள் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யப்பட்டன. தொழில்நுட்பம் இருக்கிறது. பொரிப்பகங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மட்டுமே பண்ணைகளுக்கு அனுமதி வழங்கும் ஒழுங்குதான் தேவை.

போர்க்காலத்தில் பாஸ் நடைமுறையாலும் கடல் தடைகளாலும் எமது கடற்றொழிலாளர்கள் கடலை இழந்திருந்தார்கள். போர் முடிந்தபின் இழுவைப்படகுகள் வலைகளை அறுத்தன. மிஞ்சியிருப்பது கரையோரப் பரவைக்கடல். எனவே, அடுத்த பண்ணைக்குச் சம்மதம் கேட்டு வருபவரிடம் கடற்றொழிலாளர் சங்கங்கள் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: "குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து வருகிறது? பற்றுச்சீட்டைக் காட்டுங்கள்." பதில் இல்லையென்றால், அந்தக் குஞ்சுகள் எமது கடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன.