கதிரின் அளவு காட்டும் ஜெல்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது முதுமொழி. புற்றுநோய்க்கான கதிர்வீச்சு மருத்துவத்தில் அளவு குறைவதும் தீங்கே. குறைந்தால் புற்றுசெல்கள் பிழைத்துக்கொள்ளும். மிகுந்தால் அருகிலுள்ள நலமான திசுக்கள் சிதையும். அவ்வளவு உரிய இடத்திலும் சேர வேண்டும். தண்டுவடத்தை ஒட்டி வளர்ந்த கட்டிக்குச் சிகிச்சை அளிக்கையில் சில மில்லிமீட்டர் பிறழ்வும் பெருங்கேடு விளைவிக்கலாம். ஆகவே, கணினியில் வகுத்த சிகிச்சைத் திட்டத்தை நோயாளிக்கு அளிக்குமுன் சோதித்தறிதல் இன்றியமையாததாகும்.

ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் கதிர்வீச்சு ஆற்றலை ஏற்றால், அந்த அளவு ஒரு ‘கிரே’ எனப்படும். அயனியாக்கக் கலம் என்னும் கருவி இதனைத் துல்லியமாக அளக்கும். எனினும், தான் வைக்கப்பட்ட இடத்தின் அளவை மட்டுமே அது காட்டும். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றிலும் கதிர்வீச்சு எவ்வாறு பரவியது என்பதை அறியப் பலபடி ஜெல் உதவுகிறது.

இந்த ஜெல்லின் பெரும்பகுதி நீரே. அதனுடன் ஜெலாட்டினும் அக்ரிலமைடு போன்ற ஒற்றைப்படிகளும் கலந்திருக்கும். ஆக்சிஜன் பலபடியாக்கலைத் தடுக்கும்; ஆதலால் அதனை நீக்கி, ஜெல்லைக் காற்றுப் புகாத கலத்தில் அடைப்பர். பின்னர், நோயாளிக்கு வகுத்த திட்டப்படியே அக்கலத்தின்மீது கதிரைச் செலுத்துவர். அப்போது நீர் மூலக்கூறுகள் பிளவுற்றுத் தனி உறுப்புகள் தோன்றும். அவை ஒற்றைப்படிகளைத் தூண்டிப் பலபடிகளாக இணைக்கும். கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் பலபடியும் மிகுதியாக உருவாகும். ஜெலாட்டின் வலை அதனை நகரவிடாது நிறுத்திவைக்கும்.

பலபடி உருவான இடத்தில் ஜெல்லின் அடர்த்தி சிறிது கூடுகிறது. அவ்விடம் எக்ஸ் கதிர்களைச் சற்று மிகுதியாகத் தடுக்கிறது. இவ்வேறுபாட்டைச் சி.டி. ஸ்கேன் கருவியால் அளக்க இயலும் என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அதற்கு முன்னர் இப்பணிக்குக் காந்த ஒத்ததிர்வுப் படமே முதன்மையாகப் பயன்பட்டது. சி.டி. கருவி பல மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருப்பது இம்முறையின் சிறப்பு.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சி.டி. அளவுகோலில் நீரின் எண் 0. காற்றின் எண் -1000. அந்த அளவுகோலில் ஒரு கிரே ஏற்படுத்தும் மாற்றம், அக்ரிலமைடு ஜெல்லில் ஏறத்தாழ ஓர் அலகு மட்டுமே. ஒரு தனிப் படத்தில் இயல்பாக எழும் இரைச்சலோ சில அலகுகள் இருக்கும். சந்தைக்கூச்சலில் மெல்லிய குரலைக் கேட்பது போன்றது இது. எனவே, ஒரே இடத்தைப் பலமுறை படமெடுத்துச் சராசரி காண்பர். 16 படங்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். கதிர் படாத ஜெல்லின் படத்தை இதிலிருந்து கழித்தால், கருவியால் நேரும் குறைகளும் பெரிதும் நீங்கும். எனினும், படமெடுக்கும் எக்ஸ் கதிரும் ஜெல்லில் சிறிதளவு சேர்வதால், வரம்பின்றிப் படமெடுத்தலும் ஆகாது.

இறுதியாக, அறிந்த அளவுகளில் கதிர் செலுத்திய ஜெல்லைக் கொண்டு ஒரு வரைபடம் அமைப்பர். அதன் துணையால் ஒவ்வோர் இடத்தின் சி.டி. எண்ணையும் கிரே அளவாக மாற்றித் திட்டத்துடன் ஒப்பிடுவர். இரண்டும் பொருந்தாவிடில் பிழையைத் தேடித் திருத்த வேண்டும். அப்பிழை நோயாளியின் உடலில் வெளிப்படுவதைவிட, வலியறியாத ஜெல்லில் வெளிப்படுவது நன்று.