கேம் ஸ்டீயரிங்குக்கு வீட்டிலேயே ஒரு ஸ்டாண்டு

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தாவிடமோ மாமாவிடமோ பிள்ளைகள் இப்போது கேட்டு வாங்கும் சாமான்களில் ஒன்று, கார் பந்தய விளையாட்டுக்கான ஸ்டீயரிங். வந்த ஒரு வாரத்தில் அது பரண் ஏறிவிடுவதும் உண்டு. பிள்ளைக்குச் சலித்துவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, அதைப் பொருத்த நம் வீட்டில் சரியான இடம் இல்லை.

லாஜிடெக் ஜி29 போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று சுற்றும். உள்ளே இருக்கும் இரண்டு மோட்டார்கள் வளைவுகளில் கையை எதிர்த்து இழுக்கும். பிளாஸ்டிக் மேசையும் மடக்கு மேசையும் இந்த இழுப்பைத் தாங்காது. காலுக்கும் இதே தொல்லைதான். பிரேக்கை அழுத்தினால் பெடல் முன்னே நகரும், நாற்காலி பின்னே நகரும். ஆகவே சக்கரம், பெடல், நாற்காலி மூன்றும் ஒரே சட்டத்தில் பிணைந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஆயத்த ஸ்டாண்டுகளிலும் நாற்காலியைப் பிடித்து நிறுத்த வழி இல்லாதவை உண்டு.

விளையாட்டுக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்கலாம். பதினாறு வயதுப் பையன் வீட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறுவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. மலை வளைவு ஆசை வீட்டுக்குள் திரைக்கு முன்னால் தீர்ந்தால் நல்லதுதான். அதற்காக, விளையாட்டில் ஓட்டிப் பழகியவனுக்குச் சாலையும் பழகிவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இனி செய்முறை. அடிச்சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலச் சதுர இரும்புப் பைப் போதும். நீளம் மூன்றடி. அகலம், உட்காரும் நாற்காலியின் முன்கால்களுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை இருக்கும்படி. பின்பக்கக் குறுக்குப் பைப், நாற்காலியின் முன்கால்களுக்குப் பின்னால் வர வேண்டும். பிரேக் மிதிக்கும்போது நாற்காலி நகர முயன்றால் கால்கள் அந்தப் பைப்பில் முட்டி நின்றுவிடும். இந்த ஒரு பைப்பை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். பெடல் உட்காரும் பலகையை முன்பக்கம் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிவிடலாம்.

பெடலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி உயரத்தில் அதே பைப்பால் தூண்கள். நடுவில் ஒற்றைத் தூண் வைத்தால் செலவு குறையும், ஆனால் காலை இடிக்கும். தூண்களுக்குள் ஒரு அங்குலப் பைப்பைச் செருகி, அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, குறுக்கே 8 மி.மீ. போல்ட் மாட்டினால் உயரத்தை ஏற்றி இறக்கலாம். எவ்வளவு ஏற்றினாலும் அரை அடியாவது உள்ளே இருக்க வேண்டும். இரண்டு பைப்புக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வெளிப்பைப்பில் ஒரு நட்டை வெல்டு வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு போல்ட்டால் இறுக்கினால் அது அடங்கும்.

மேலே 18 மி.மீ. பிளைவுட். அதை விளையாடுபவர் பக்கம் நீட்டி, ஆங்கிளில் போல்ட் வைத்துச் சற்றே சாய்க்கும்படி அமைக்கலாம். ஸ்டீயரிங்கோடு வரும் கிளாம்பு இந்தக் கனத்தில் நன்றாகப் பிடிக்கும்.

வெட்டுவது, துளையிடுவது, வெல்டிங் எல்லாம் பட்டறையில் நடக்கட்டும். அளவெடுப்பது, அரம் போட்டு முனை மழுக்குவது, ரெட் ஆக்சைடு அடிப்பது பிள்ளைகளின் வேலை. மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. பலகையை இழைத்துத் தர ஆள் தேட வேண்டியதில்லை. கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் காரே செய்தார். செட்டிப்பாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

பட்டறைக்குப் போகும்போது நாற்காலியையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வையுங்கள். முழங்கை லேசாக மடங்கி, தோள் உயராமல் சக்கரத்தைப் பிடிக்கும் உயரம்தான் சரியான உயரம். அண்ணனுக்கு ஒரு துளை, தங்கைக்கு ஒரு துளை என்று பெயிண்டில் ஆளுக்கொரு நிறப் புள்ளி வைத்துவிட்டால், மாற்றி உட்காரும்போது சண்டை வராது.