கோப்பைப் பூட்டினால் போதுமா?

மாசாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் டியூஷன் நிலையத்திற்கு நான்கு பழைய கணினிகள் கிடைத்தன. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நான்கிலும் நிறுவி, அவற்றுள் ஒன்றைப் பொதுக் கோப்புகளுக்கான சர்வராக மாற்றிக் கொடுத்தேன். தோட்டத்து முதியவர்களைச் சந்தித்து மாணவர்கள் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் அதில்தான் இருந்தன. ஒரு நாள் இடம் போதவில்லை என்று மாணவர் ஒருவர் துப்புரவு செய்யப் போக, எல்லாம் அழிந்துவிட்டன. அப்படிப் பேசிய பாட்டி ஒருவர் இன்று நம்மிடையே இல்லை.

பதிவுகளை மற்றவர்கள் ‘படிக்க மட்டும்’ முடியும்படி வைத்திருந்தேனே, எப்படி அழிந்தன? தவறு என்னுடையதுதான். அதை விளக்கவே இக்கட்டுரை.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பினர் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பெண்கள். இவற்றைக் கூட்டினால் ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் இலக்கம் வரும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பினரும் படிக்க மட்டுமே முடியும். என் ஒலிக்கோப்புகள் இப்படித்தான் இருந்தன.

ஆனால் கோப்புறை என்பது ஒரு பதிவேடு. கோப்பின் பெயர் அதில் ஒரு வரி. கோப்பை அழிப்பதென்றால் அந்த வரியை அடிப்பதுதான். எனவே அழிக்கும் உரிமையைத் தீர்மானிப்பது கோப்பு அன்று, கோப்புறையே! தொல்லை வேண்டாமென்று கோப்புறைக்கு நான் 777 கொடுத்திருந்தேன். பெட்டிக்குள் இருந்ததைப் பூட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து போட்ட கதை.

இப்போது அதை 3770 என்று மாற்றியிருக்கிறேன். 770 என்பதால் குழுவினர் மட்டும் நுழையலாம். முன்னால் உள்ள 3இல் 2 என்பது, உள்ளே உருவாகும் புதிய கோப்புகள் தாமாகவே அந்தக் குழுவைச் சேரச் செய்யும். எஞ்சிய 1, ஒருவருடைய கோப்பை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாது. கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், நிர்வாகி ஆகியோருக்கே அந்த உரிமை. பணி முடிந்த பதிவுகளுக்குத் தனிக் காப்பகம், அதற்கு 2750. அங்கே குழுவினர் படிக்கலாம், எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

இன்னொரு பொறியும் உண்டு. லினக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்புறையைப் பகிர, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் முறையைப் பயன்படுத்தினேன். இது சாதாரண அமைப்பில் பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணையே பார்க்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். ஆக, நான்கு கணினிகளின் முதற்பயனர்களும் சர்வருக்கு ஒரே ஆள்! அப்படியிருந்தால் 3770 போட்டும் பயனில்லை. ஒவ்வொருவருக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே பெயர், ஒரே எண் இருக்க வேண்டும்.

விண்டோஸ் மடிக்கணினிகளும் இணைய வேண்டுமானால் சம்பா மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-92இல் தொடங்கி வைத்தது இது. 2003இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் யூனிகோடை ஏற்பதால் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் கடவுச்சொல் இல்லாத ‘விருந்தினர்’ வசதியைத் திறந்துவிட்டால், அங்கும் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

நம் தமிழ் அமைப்புகளில் செயற்குழு ஆண்டுதோறும் மாறுகிறது. மலர்கள், படங்கள், பதிவுகள் யாரோ ஒருவரின் மடிக்கணினியோடு போய்விடுகின்றன. கோப்புறையைத் தனியாளுக்கு அல்லாமல் குழுவுக்கு உரியதாக்குங்கள். புதிய செயலவையினரைக் குழுவில் சேர்த்து, பட்டம் பெற்றுச் செல்பவரை நீக்கினால் போதும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். அனுமதிகள் கைத்தவறுதலைத் தடுக்கும். வன்தட்டு பழுதானால் காப்பாற்றா. வேறோர் இடத்தில் ஒரு நகல் கட்டாயம் இருக்கட்டும். அன்று எங்களிடம் அது இருந்திருந்தால், அந்தப் பாட்டியின் குரலை இன்றும் கேட்டிருப்போம்.