‘பி’ எழுத்துச் சாலைகள்

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூருக்குப் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கிளை பிரியும் ஊர்ச்சாலைகளைப் பாருங்கள். மாநிலச் சாலையாக இருந்தால் அதன் எண்ணுக்கு முன்னால் ‘பி’ நிற்கும். சிலாங்கூரில் பதிவான கார்களின் எண் பலகையில் வரும் அதே ‘பி’தான். பேராக்குக்கு ‘ஏ’, ஜொகூருக்கு ‘ஜே’. எழுத்தில்லாத வெறும் எண் என்றால் அது கூட்டரசின் சாலை.

இந்த எழுத்துக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவின்படி, மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு மானியம் தருகிறது. தொகை சாலையின் நீளத்தைப் பொறுத்தது. அதனால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிப் போகும் ஒற்றைச் சாலையைக்கூட அளந்து பதிவேட்டில் ஏற்றுகிறார்கள்.

சாலையின் உண்மையான சாமர்த்தியம் சந்திப்புகளில்தான் தெரியும். இரு வண்டிகளின் பாதைகள் குறுக்கிடும், சேரும் அல்லது பிரியும் இடத்தைப் பொறியாளர்கள் ‘மோதல் புள்ளி’ என்கிறார்கள். சாதாரண நாற்சந்தியில் அப்படி 32 புள்ளிகள் உண்டு. முச்சந்தியில் வெறும் 9! எதிரெதிரே வரும் இரண்டு ஊர்ச்சாலைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி இணைத்தால், ஒரு நாற்சந்தி இரண்டு முச்சந்திகளாகிவிடும். 32 புள்ளிகள் 18 ஆகக் குறையும். விளக்குக் கம்பம்கூட வேண்டாம், இடத்தை மாற்றினாலே போதும். எனக்கு மிகப் பிடித்த பொறியியல் இது.

சந்திப்பில் மரக்கிளைகளை வெட்டிவிடுவதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 2.5 நொடி ஆகும் என்று வைத்தே சாலையை வடிவமைக்கிறார்கள். அதற்குள் வண்டி ஐந்து பேருந்துகளின் நீளத்தைக் கடந்திருக்கும். அதற்கும் அப்பால் வரை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இவ்வளவும் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? கடலோர மாவட்டமான கிள்ளானில் தரைக்கடியில் இருப்பது ‘கிள்ளான் களிமண்’. சில இடங்களில் அது 20 மீட்டருக்கும் மேல் ஆழம். உலர்ந்த மண்ணின் எடைக்குச் சமமான எடையில் தண்ணீரைத் தாங்கிய சேறு அது. மேலே பாரம் ஏற்றினால் தண்ணீர் வெளியேறி மண் இறுகும், ஆனால் பல்லாண்டுகள் பிடிக்கும். அவசரமென்றால் விரல் நீள அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டைகளை நெருக்க நெருக்கமாகக் களிமண்ணுக்குள் நேராக இறக்குகிறார்கள். ‘செங்குத்து வடிகால்’ என்பது இதுதான். தண்ணீர் இனி மேலேயோ கீழேயோ நெடுந்தூரம் போக வேண்டியதில்லை, பக்கத்துப் பட்டையை எட்டினால் போதும். தூரம் பாதியானால் நேரம் கால்பங்காகும். மேலே கூடுதலாக மண் குவித்து மாதக்கணக்கில் அழுத்தி வைத்த பிறகுதான் தார் போடுகிறார்கள்.

அப்படியும் மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பாலம் மட்டும் கெட்டித் தரையில் ஊன்றிய பைலிங் தூண்களில் அசையாமல் நிற்கும். கிள்ளான் பக்கத்துப் பாலத்தில் ஏறும்போது வண்டி லேசாகத் தூக்கிப்போட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான். பாலம் உயரவில்லை, சாலைதான் இறங்கியிருக்கிறது.