ஆற்றின் அக்கரையில் சேர்த்த பணம்

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரும் கனடாவின் விண்ட்ஸர் நகரும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே அமைந்தவை. கனடா வடக்கே உள்ள நாடென்று பூகோளத்தில் படித்திருப்பீர்கள்; ஆனால் இங்கே விண்ட்ஸர்தான் தெற்குக் கரையில் இருக்கிறது! 1929-இல் திறக்கப்பட்ட அம்பாஸடர் பாலத்தின் வழியாகவும், மறு ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கப்பாதையின் வழியாகவும், விண்ட்ஸர்வாசிகள் பலர் அக்கரைக்கு வேலைக்குச் சென்று வீடு திரும்புகிறார்கள். மருத்துவமனைத் தாதியரும் அவர்களுள் உண்டு.

அத்தகைய தாதி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுச் சம்பளம் 60,000 டாலர். அதில் 5,000 டாலரை முதுமைக்கென்று 401(கே) என்னும் திட்டத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் 401-ஆம் பிரிவில் 1978-இல் சேர்க்கப்பட்ட உட்பிரிவின் எழுத்தே திட்டத்திற்குப் பெயராகிவிட்டது. இப்பணத்திற்கு அமெரிக்கா இப்போது வருமானவரி கேட்பதில்லை; பின்னால் எடுக்கும்போதுதான் கேட்கும். ஆகையால் டபிள்யூ-2 எனப்படும் சம்பளச் சான்றின் முதற்கட்டத்தில் 55,000 என்றே இருக்கும். ஐந்தாம் கட்டத்தில் முழுத் தொகையாகிய 60,000 இருக்கும்.

அவள் குடியிருப்பதோ கனடாவில். தன் நாட்டில் குடியிருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் கனடா கணக்குக் கேட்கும். அமெரிக்காவில் கட்டிய வரிக்கு உரிய வரவையும் கொடுக்கும். அங்கே தாக்கல் செய்யும் அறிக்கையில் அவள் எந்தத் தொகையை எழுதவேண்டும்? 60,000 தான். எல்லாத் தொகைகளையும் கனடா டாலராக மாற்றி எழுதவேண்டும். நான் சொல்பவை மாற்றிய பிறகு வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு இந்த 5,000 டாலருக்குக் கனடாவில் கழிவு கிடைக்கவில்லை. இவ்விரு நாடுகளின் வரி உடன்படிக்கை 1980-இல் ஏற்பட்டது. அதன் ஐந்தாம் திருத்தம் 2007-இல் கையெழுத்தாகி, 2008 டிசம்பரில் அமலுக்கு வந்து இக்குறையை நீக்கியது. ஆர்.சி. 268 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து, அறிக்கையின் 20700-ஆம் வரியில் அத்தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஆர்.சி. 267 என்று இன்னொரு படிவமும் உண்டு. அது சிறிது காலத்திற்கு மட்டும் கனடாவுக்கு வந்து வேலை பார்ப்பவர்களுக்கு உரியது. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் கை தவறிவிடுவது எளிது.

ஐயாயிரத்தைக் கூட்டிப் பிறகு ஐயாயிரத்தைக் கழிப்பானேன்? பேசாமல் 55,000 என்றே எழுதிவிட்டால் என்ன? முதலில் இதைப் படித்தபோது எனக்கும் இந்தச் சந்தேகம் எழுந்தது. விடை ஓர் உச்சவரம்பில் இருக்கிறது.

கனடாவிலும் முதுமைச் சேமிப்புத் திட்டம் ஒன்று 1957 முதல் உண்டு, ஆர்.ஆர்.எஸ்.பி. என்பார்கள். முந்தைய ஆண்டின் உழைப்பு வருமானத்தில் 18 சதவீதம் வரை, சட்டம் விதித்த உச்சத்தொகைக்கு உட்பட்டு, அதற்குக் கழிவு பெறலாம். அக்கரைச் சேமிப்பும் இதே வரம்புக்குள் அடங்கவேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி.

நம் தாதிக்கு முந்தைய ஆண்டின் வருமானம் 50,000 என்றால், வரம்பு 9,000. பழைய மிச்சம் ஒன்றுமில்லை. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 6,000 போட்டுக் கழிவும் பெற்றுவிட்டாள். மீதி இடம் 3,000 தானே? எனவே 5,000 டாலரில் 3,000 மட்டுமே கழியும். வரிக்குரிய தொகை 51,000. பேசாமல் 55,000 என்று எழுதியிருந்தால் அது 49,000 ஆகத் தோன்றியிருக்கும். அந்த 2,000 டாலர் வித்தியாசம், பின்னொரு நாள் கணக்கைப் பரிசீலிக்கும் அதிகாரியின் கண்ணில் படும்போது, வரியோடு வட்டியும் சேர்ந்து வரும். அவள் எதையும் மறைக்க நினைத்தவள் அல்லள்; சான்றின் முதற்கட்டத்தை நம்பினாள், அவ்வளவே.

நல்லவேளையாக, யோசிக்க அவகாசம் உண்டு. சம்பளச் சான்று ஜனவரி 31-க்குள் கைக்கு வரவேண்டும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் சென்ற ஆண்டுக் கணக்கிற்காகப் பணம் போடுவதற்கோ புத்தாண்டின் முதல் அறுபது நாட்களும் உதவும். சான்றின் இரண்டு கட்டங்களையும் ஒப்பிட்டு, அக்கரையில் எவ்வளவு போயிற்று என்று பார்த்துக்கொண்ட பிறகே, இக்கரையில் எவ்வளவு போடுவது என்று அவள் முடிவு செய்யலாம்.