ஆள் குறைந்தால் களமும் சுருங்கட்டும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பப்ஜி விளையாட்டின் முதல் களமான எராங்கல் 8 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். அதை இங்கே கொண்டுவந்து விரித்தால், இராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்ளும். கடலையும் சேர்த்து 64 சதுர கிலோமீட்டர். அதில் பாராசூட்டில் இறங்குகிறவர்கள் 100 பேர். தலைக்கு 158 ஏக்கர்.

அந்த 100 பேரும் வந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். வரவில்லை என்றால் என்ன ஆகும்?

"மேட்ச் கிடைக்கவே மாட்டேங்குது", "எல்லாம் பாட்டாவே வருது", "பத்து நிமிஷம் ஓடியும் ஒருத்தனையும் காணோம்." மில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் கைப்பேசியைத் திருப்பிப் பிடிக்கும் இளைஞர்களிடமும், கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் மாணவர்களிடமும் இந்த மூன்று புகார்களையும் கேட்கலாம். மூன்றும் வேறு வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். விளையாட வருகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு விரித்து வைத்திருக்கும் இடம் எவ்வளவு என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பப்ஜி மொபைலில் 2020 ஜூலையில் லிவிக் என்ற மேப் வந்தது. பக்கத்துக்கு 2 கிலோமீட்டர்; ஆட்டக்காரர்கள் 52 பேர். தலைக்கு 19 ஏக்கர். பின்னர் வந்த நூசா அதைவிடச் சிறியது: பக்கத்துக்கு ஒரே கிலோமீட்டர், 32 பேர். ஆண்டாள் கோயிலையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் தாண்டிப் பெரிதாகப் போகாது. அங்கே தலைக்கு எட்டு ஏக்கர்கூட இல்லை. எராங்கலில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் இழுக்கும். லிவிக்கில் கால் மணி. நூசாவில் எட்டு நிமிடம். ஃப்ரீ ஃபயர் 2017-இலேயே 50 பேர், பத்து நிமிடம் என்று அளவைச் சுருக்கிக்கொண்டு வந்தது. விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடியது. நம் பக்கத்து ஊர்களில் அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தச் சின்ன அளவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஷிஃப்டுக்கு முன்னால் கிடைக்கும் இருபது நிமிடத்தில் இரண்டு ஆட்டம் முடித்துவிடலாம்.

இனி ஆட்களின் கணக்கு. 100 பேர் இருக்கும் களத்தில் ஒருவரோடு ஒருவர் மோதக்கூடிய இணைகள் 4,950. ஆட்கள் பாதியாகக் குறைந்து 50 ஆனால் இணைகளும் பாதியாகும் என்று தோன்றும். ஆகாது. 1,225 ஆகிவிடும், அதாவது கால்வாசி. பத்துப் பேர் என்றால் வெறும் 45. இதனால்தான் ஒரு விளையாட்டில் பாதிப் பேர் போனாலே ஆள் நடமாட்டமே அற்றுப்போனது போலத் தோன்றுகிறது. அது மனப்பிரமை இல்லை. சந்திப்புகள் உண்மையிலேயே நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றன.

காத்திருக்கும் நேரத்தின் கணக்கு இதைவிடக் கொடுமையானது. ஒரு வட்டாரத்தில் ஒரே நேரத்தில் 10,000 பேர் விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை புதிய ஆட்டம் கேட்கிறார் என்றால், நிமிடத்துக்கு 500 பேர் வரிசைக்கு வருவார்கள். நல்ல கூட்டம்தான். ஆனால் அவர்கள் ஒரே வரிசையில் நிற்பதில்லை. தனியாளா, ஜோடியா, ஸ்குவாடா என்று மூன்று, பின்னாலிருந்து பார்க்கும் முறையா, கண்வழி பார்க்கும் முறையா என்று இரண்டு, மேப் ஐந்து. பெருக்கினால் 30 வரிசைகள். ஒரு வரிசைக்கு நிமிடத்துக்குப் 17 பேர் வருவார்கள். 100 பேர் சேர ஆறு நிமிடம் ஆகும். வெண்கலம் முதல் கான்கரர் வரை எட்டுத் தரநிலைகளையும் தனித்தனியாகப் பிரித்தால் நிமிடத்துக்கு இரண்டே பேர். ஓர் ஆட்டம் நிரம்ப 48 நிமிடம். எந்தப் பிள்ளையும் அவ்வளவு நேரம் திரையை வெறித்துக்கொண்டு உட்காராது. இதே 10,000 பேருக்கு ஐந்து மேப்புக்குப் பதில் ஒன்றே ஒன்றை வைத்து, தரநிலைப் பிரிவையும் எடுத்துவிட்டால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே 100 பேர் சேர்ந்துவிடுவார்கள்.

எந்த நிறுவனமும் தன் ஆட்டக்காரரை 48 நிமிடம் காக்க வைக்காது. அந்த இடத்தில்தான் பாட் நுழைகிறது. காலியிடத்தை நிரப்ப நிரலே ஓட்டும் போலி ஆட்டக்காரர் அது. பப்ஜி மொபைலில் தொடக்க நிலைகளில் நிறைய உண்டு. கணினிப் பதிப்பில் 2020-இல் கொண்டுவந்தார்கள். விளையாடிப் பழகியவனுக்கு அதை அடையாளம் காண அரை நொடி போதும். வயல் நடுவே மறைவில்லாமல் நிற்கும், நேர்கோட்டில் ஓடும், சுட்டால் நின்று திரும்பி, குறி தவறவிட்டுச் சுடும். புதிதாக வருகிறவருக்குப் பழக உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டு வருடம் ஆடித் தேறிய ஒருவன் பாட்டைச் சுட்டு வாங்கும் வெற்றியில் அவனுக்கே பெருமை இல்லை. எதிரில் இன்னொரு மனிதன் யோசிக்கிறான் என்பதற்காகத்தான் அவன் வந்தான்.

இந்தியாவில் ஆட்கள் குறைந்த கதைக்குத் தேதிகளும் உண்டு. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 ஜூலை 2-இல் வந்தது. 10 கோடிப் பயனர்களைத் தாண்டிய சூட்டோடு, 2022 ஜூலை 28-இல் செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆட முடிந்தது. புதியவர்கள் சேர வழியில்லாமல் போனது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளாகி, அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் மிஞ்சியது. 2023 மே மாதம் பிஜிஎம்ஐ திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. அப்போது புதிதாகக் கொண்டுவந்த மேப் எது தெரியுமா? நூசா. மிகச் சிறிய மேப்.

இங்கே ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. ஆள் குறையக் குறைய என்ன செய்ய வேண்டும் என்பது இந்த விளையாட்டுகளுக்குத் தெரியாததல்ல. அவற்றின் உயிர்நாடியே அதுதான். 100 பேர் இறங்கிய சில நிமிடங்களில் சோன் என்ற பாதுகாப்பு வட்டம் சுருங்கும். நேரம் ஏற ஏற, ஆட்களும் சாயச் சாய, அது மேலும் சுருங்கும். கடைசி நான்கு பேரை ஒரு களத்துமேட்டு அளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தும். சோன் இல்லையென்றால் எஞ்சிய இருவர் 64 சதுர கிலோமீட்டரில் ஒருவரையொருவர் தேடியே விடிந்துவிடும். ஓர் ஆட்டத்தின் அரை மணி நேரத்துக்குள் இவ்வளவு கச்சிதமாகச் செய்வதை, அந்த விளையாட்டின் ஐந்தாண்டு ஆயுளில் செய்ய மறுக்கிறார்கள். ஆள் குறைந்த பிறகும் புது மேப், புது முறை, புதுத் தரநிலை என்று மேலும் மேலும் வரிசைகளைத் திறக்கிறார்கள். விளம்பரத்துக்குப் புதிய மேப் வேண்டும். இருப்பதை மூடினால் தோற்றுவிட்டதாகப் பேச்சு வரும். காரணம் புரிகிறது. ஆனால் எஞ்சியிருப்பவர்கள் சிதறிப் போகிறார்கள்.

தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பதினோரு பேர் வந்தால் முழு மைதானம். ஆறு பேர் என்றால் ஆஃப் சைடில் ரன் கிடையாது, கீப்பர் பொது. மூன்று பேர் என்றால் ஒன் பிட்ச் கேட்ச். யாரும் ஆள் போதவில்லை என்று வீட்டுக்குப் போவதில்லை.

இதை அப்படியே செய்து காட்டிய பெரிய விளையாட்டும் ஒன்று இருக்கிறது. 2012-இல் வந்த பிளானட்சைடு 2. இதன் ஒவ்வொரு கண்டமும் எராங்கலைப் போலவே சுமார் 64 சதுர கிலோமீட்டர். 2015 ஜனவரி 24 அன்று ஒரே போரில் 1,158 பேர் ஆடி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. ஆனால் அதற்கேற்ற ஏற்பாடு அதனிடம் இருந்தது: ஒரு கண்டத்தை ஓர் அணி வென்றதும் அது பூட்டப்படும்; இருக்கிற ஆட்களைப் பொறுத்தே அடுத்த கண்டங்கள் திறக்கும். பிற்காலத்தில், ஆள் குறைந்த நேரங்களில் ஒரு கண்டத்தின் நடுப்பகுதியை மட்டும் திறந்து மற்றதை அடைக்கும் முறையும் வந்தது. நள்ளிரவில் வந்த சில நூறு பேரும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ள முடிந்தது. பத்தாண்டு தாண்டியும் அது ஓடியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் இதே புத்தி வேறு வடிவில் வேலை செய்கிறது. ஐந்துக்கு ஐந்து ஆடும் மேப்பை விங்மேன் என்ற இரண்டுக்கு இரண்டு முறையில் பாதியாக அடைத்துவிடுகிறார்கள். குண்டு வைக்கும் இடம் இரண்டுக்குப் பதில் ஒன்று. மேப் பழசு, அளவு புதுசு. பிரவுசிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் நம் ஊர்களிலும் இதைச் செய்தார்கள். பத்து இயந்திரமும் நிரம்பினால் டஸ்ட் 2 மேப். நாலு பேர்தான் என்றால் ஐஸ்வேர்ல்டு. அங்கே சுவரைத் தாண்டினால் எதிரி. வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது எதிரியைத் தேடிக்கொண்டு நடக்க யாருக்கும் மனம் வராது.

எதிர்த்திசையில் போய்ச் சூடுபட்டது பேட்டில்ஃபீல்டு 2042. 2021 நவம்பரில், ஆட்டக்காரர்களை 64-இலிருந்து 128 ஆக்கினார்கள். மேப்புகளையும் ஊதிப் பெருக்கினார்கள். பிரேக்அவே என்ற மேப் மட்டும் 5.9 சதுர கிலோமீட்டர். ஒருவருக்கான இடம் என்று பார்த்தால் நூசாவைவிட ஒன்றரை மடங்குதான். எராங்கலோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் எராங்கலில் ஒளிந்திருப்பது ஆட்டத்தின் பகுதி. செத்தால் பெரும்பாலும் ஆட்டமே முடிந்தது. பேட்டில்ஃபீல்டில் செத்ததும் மறுபடி பிறந்து சண்டைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெட்டவெளியில் நீண்ட நடை, நடுவழியில் எங்கிருந்தோ ஒரு தோட்டா, மறுபடி நடை. ஸ்டீம் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடன் தொடங்கியது, சில மாதங்களில் சில ஆயிரமாகச் சரிந்தது. பிழைகள் மலிந்திருந்ததும் காரணம்தான். பழியை மேப்பின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் 2022-இல் பிரேக்த்ரூ முறையை 64 பேருக்குத் திருப்பினார்கள். மேப்புகளில் மறைவிடங்களைச் சேர்த்தார்கள். கைப்பற்ற வேண்டிய இடங்களை நெருக்கி வைத்தார்கள். 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6-இன் முதன்மை ஆட்டங்களில் அதிகபட்சம் 64 பேர்தான். இடம் எவ்வளவு என்பதை ஆட்டத்தின் இயல்பு தெரியாமல் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் கிடையாது.

பெரிய மேப்பே கூடாது என்பது என் கட்சி இல்லை. எராங்கலின் போச்சிங்கி ஊரில் இறங்கி மூன்று நிமிட அடிதடியில் தப்பியவன், ஜீப்பை எடுத்துக்கொண்டு மேடேறி, மரத்தடியில் படுத்து, தொலைநோக்கியில் ஒரு வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடு லிவிக்கில் கிடையாது. யாராவது வருவார்களா என்ற தவிப்புதான் அங்கே ஆட்டம். வருவதற்கு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு மாலை அதைத் திறக்கலாம். தேர்வுக் காலத்து நள்ளிரவில் அடைத்துவிட்டு லிவிக்கை மட்டும் விடலாம்.

சிறிய மேப் எல்லா நோய்க்கும் மருந்தும் இல்லை. கான்கார்டு என்ற விளையாட்டு ஐந்துக்கு ஐந்துதான், நெருக்கமான களங்கள்தான். 2024 ஆகஸ்ட் 23-இல் வந்தது, செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. யாருக்கும் பிடிக்காத ஆட்டத்தை எந்த அளவும் காப்பாற்றாது. நான் பேசுவது பிடித்தவர்கள் இன்னும் இருக்கும் ஆட்டங்களைப் பற்றி. பல ஆயிரம் பேர் மிஞ்சியிருந்தும், அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடியாததாலேயே மூடப்படுகிறவை அவை.

ஆட்டக்காரர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. நாலைந்து மேப்புகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து வைத்தால் வரிசை சீக்கிரம் நகரும். எல்லாரும் எராங்கலையே பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவை காலியாகி, கடைசியில் அதற்கும் ஆள் வராது. எட்டுப் பேர் கூடிவிட்டால் டிடிஎம் என்ற அணிச்சண்டை முறையில், வேர்ஹவுஸ் மேப்பில் நாலுக்கு நாலு ஆடலாம், பாட் தேவையில்லை. பிஜிஎம்ஐயில் நண்பர்களுக்கென்று தனி அறை திறக்க ரூம் கார்டு வேண்டும். அதற்குக் காசு கேட்பதை நிறுத்தினாலே ஊர் ஊராகச் சின்னக் கூட்டங்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு விளையாட்டை மூடித்தான் ஆக வேண்டும் என்றால், அதை நடத்தும் வழியை ஆட்டக்காரர்களிடமே விட்டுவிட்டுப் போகலாம். 2010 ஜனவரியில் 256 பேர் ஒரே களத்தில் மோதும் மேக் என்ற விளையாட்டு பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2014 ஜனவரி 28-இல் சர்வரை அணைத்ததும் அதை ஆட உலகில் எங்கேயும் வழியில்லாமல் போனது. 256 பேர் கிடைக்காவிட்டால் பதினாறு பேர் ஆடியிருப்பார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6-க்கு அந்தக் கதி வரவில்லை. யாரும் தங்கள் கணினியிலேயே சர்வர் நடத்தலாம் என்பதால், இன்றைக்கும் இரண்டு பேர் ஒரு கேபிளை இணைத்து ஆட முடிகிறது. விலைக்கு வாங்கிய விளையாட்டை ஆடும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று 2024-இல் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு, 2025 ஜூலைக்குள் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இலவசமாக இறங்கி, உள்ளே ஆடைக்கும் துப்பாக்கி வண்ணத்துக்கும் காசு வாங்கும் நம் கைப்பேசி விளையாட்டுகளிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். கொடுத்த காசு பிள்ளைகளின் காசு.